எதிரணியை எடைபோடுதல்: 2025 அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து இறுதிப் போட்டியின் முன்கணக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பெரிய போட்டி நெருங்கும்போது தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் ஒரு அட்டவணையைப் போடுவது வழக்கம். ஓட்டம், பந்து வீச்சு, தடுப்பு, உதை ஆட்டம் என ஒவ்வொரு வரியிலும் எந்த அணி மேலானது என்று ஒரு குறியிட்டு, அதிகக் குறிகள் பெற்ற அணியை வெற்றி வாய்ப்புள்ள அணியாகக் காட்டுவார்கள். பயிற்சியாளர்களின் அறையில் நடக்கும் மதிப்பீடு இப்படி இருப்பதில்லை. ஒரு அணியின் பலம் அந்த அணிக்குள்ளேயே நிலையாக இருக்கும் பொருளல்ல. எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அதே பலம் பலவீனமாகவும் மாறக்கூடும். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கில் ஒஹாயோ ஸ்டேட் அணியும் நோட்டர் டேம் அணியும் மோதிய தேசிய இறுதிப் போட்டி இதற்கு அண்மைக்காலத்தின் மிகத் தெளிவான சான்று. அந்தப் போட்டிக்கு முன்பு இரு அணிகளைப் பற்றியும் என்னென்ன தெரிந்திருந்தன, அவற்றை எப்படி வாசித்திருக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

இந்த விளையாட்டைப் பழகாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அணிக்குப் பதினொரு பேர்; பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். மூன்றாவது டவுனில் வேண்டிய தூரத்தை எட்டாவிட்டால் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க நேரும் என்பதால், எதிரணி மூன்றாவது டவுனில் என்ன செய்யும் என்பதை ஊகிப்பதிலேயே ஆய்வுக் குழுவின் உழைப்பில் பெரும்பகுதி கழிகிறது. ஆட்டம் ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு நின்று தொடங்குவதால் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஆராயவும் முடிகிறது: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை, மைதானத்தின் எந்தப் பகுதி, களத்தில் எந்த வகை வீரர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஆட்டத்துணுக்கையும் வகைப்படுத்தி, எதிரணியின் பழக்கங்களைக் கணினியில் தொகுக்கிறார்கள். கூடவே தங்கள் சொந்த அணியின் படங்களையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள், ஏனெனில் எதிர்ப்பக்கத்து அறையிலும் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் பழைய ஆட்டங்களின் காணொளிப் படங்களைக் கொண்டே நடக்க வேண்டும். வரவிருக்கும் எதிரணியின் ஆட்டத்தை நேரில் சென்று வேவு பார்ப்பதை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 1994-லிருந்து தடை செய்திருக்கிறது. மிஷிகன் அணியின் ஊழியர் ஒருவர் இந்தத் தடையை மீறி எதிரணிகளின் சைகைகளைப் படம்பிடிக்க ஏற்பாடு செய்தார் என்ற புகார் 2023-ல் வெடித்து, அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் களத்தருகே நிற்கத் தடை விதிக்கப்பட்டது. 2024 பருவத்தில் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி வைத்து, களத்தில் இருக்கும் ஒரு வீரரோடு மட்டும் பயிற்சியாளர் பேச அனுமதி வந்தது. ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். சைகைத் திருட்டின் மதிப்பு இதனால் குறைந்தது என்றே சொல்ல வேண்டும். படத்தைப் பொறுமையாகப் பார்த்துப் பொருள் கொள்கிறவர்களுக்கே பழையபடி மதிப்பு கூடியது.

இனி ஒஹாயோ ஸ்டேட். நோட்டர் டேமின் ஆய்வுக் குழு முன்னால் இந்த அணியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான சாட்சியங்கள் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று, தன் சொந்த மைதானத்தில், மிகச் சாதாரணப் பருவத்தைக் கடந்து வந்த மிஷிகனிடம் 13–10 என்று அந்த அணி தோற்றது. 26 முறை பந்தை ஏந்தி ஓடியும் மொத்தம் 77 யார்டுதான் கிடைத்தது. தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டின் இரண்டு வீச்சுகள் எதிரணியின் கைக்குப் போயின. ஒரு மாதம் கழித்து, பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃபின் காலிறுதியாக நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தில், அதுவரை தோல்வியே காணாத ஓரிகானை அதே அணி 41–21 என்று நொறுக்கியது. இரண்டாம் கால்பகுதியிலேயே முன்னிலை 34–0 ஆகியிருந்தது. முதலாண்டு மாணவரும் வீச்சுகளைப் பிடிக்கும் ரிசீவருமான ஜெரமையா ஸ்மித் அன்று 7 பந்துகளைப் பிடித்து 187 யார்டு சேர்த்தார். இந்த இரண்டில் எது உண்மையான ஒஹாயோ ஸ்டேட்?

இரண்டும் உண்மைதான் என்பதே விடை. ஆனால் மிஷிகன் ஏன் வென்றது என்பதைக் காரணத்தோடு புரிந்துகொண்டால் மட்டுமே அந்தப் படம் பயன்படும். ஒஹாயோ ஸ்டேட்டின் தாக்குதல் முன்வரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் காயமடைந்து பருவத்தையே இழந்திருந்தார். நடுவில் நிற்கும் செத் மெக்லாஃப்லினும் நவம்பரில் குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். அப்படிப் புதிதாக ஒட்டவைக்கப்பட்ட வரிசையின் எதிரே மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் என்ற இரண்டு பெரும் தடுப்பு வீரர்களை மிஷிகன் நிறுத்தியது. இருவரும் சில மாதங்களில் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். அவர்கள் இருவரே நடுப்பகுதியை அடைத்துவிட்டதால், ஓட்டத்தைத் தடுக்கக் கூடுதல் ஆட்களை முன்னால் கொண்டுவர வேண்டிய தேவை மிஷிகனுக்கு எழவில்லை. மிச்சமிருந்தவர்கள் பின்னால் நின்று ஸ்மித்தையும் மற்றொரு ரிசீவரான எமேகா எக்புகாவையும் பார்த்துக்கொண்டார்கள். அதோடு ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர்களும் அடைபட்ட வாசலிலேயே மீண்டும் மீண்டும் முட்டினார்கள். அந்தப் பிடிவாதம் பருவத்தின் புரியாத செயல்களில் ஒன்று.

இந்தச் செய்முறையை நோட்டர் டேம் கடன் வாங்க முடியுமா என்பதே முக்கியமான கேள்வி. முடியாது என்பதற்கான காரணம் நோட்டர் டேமின் சொந்தக் காயப் பட்டியலிலேயே இருந்தது. அவர்களுடைய சிறந்த உள்தடுப்பு வீரர் ரைலி மில்ஸ், பிளேஆஃப் முதல் சுற்றில் இண்டியானாவுடன் ஆடும்போது முழங்கால் காயத்தால் வெளியேறிவிட்டார். விளிம்பில் ரிசீவர்களைக் காக்கும் கார்னர்பேக் பெஞ்சமின் மோரிசன் அக்டோபரிலேயே இடுப்புக் காயத்தால் பருவத்தை இழந்திருந்தார். ஆகவே நடுவை இரண்டே பேரை வைத்து அடைக்கும் வசதி நோட்டர் டேமிடம் இல்லை. எதிரியைத் தோற்கடித்த அணியின் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அந்த வெற்றியை அப்படியே நகலெடுக்கும் ஆசை எழும். அந்த ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்களா என்று கேட்காமல் போவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு.

அரையிறுதியாக நடந்த காட்டன் பவுலில் டெக்சாஸ் வேறொரு வழியைக் காட்டியிருந்தது. ஸ்மித்துக்கு ஆள் மேல் ஆளாக நிறுத்தி, அவரை ஒரே ஒரு பந்துக்கும் 3 யார்டுக்கும் கட்டுப்படுத்தினார்கள். அப்படியிருந்தும் ஒஹாயோ ஸ்டேட் 28–14 என்று வென்றது. முதல் பாதியின் கடைசி அரை நிமிடத்தில் ட்ரெவியான் ஹென்டர்சன் ஒரு குறுகிய வீச்சை வாங்கி 75 யார்டு ஓடி, எல்லையைக் கடந்தால் 6 புள்ளி தரும் டச்டவுன் போட்டார். ஆட்டத்தின் முடிவில் டெக்சாஸ் ஒரே யார்டு தொலைவில் நின்று பின்வாங்கிய பிறகு, ஒஹாயோ ஸ்டேட்டின் தடுப்பு வீரர் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடி முடித்தார். எல்லோரும் பேசியது சாயரின் ஓட்டத்தைத்தான். எனக்கு அந்த ஆட்டத்தில் அதைவிட முக்கியமாகப் படுவது நான்காம் கால்பகுதியில் நான்காவது டவுனில் 2 யார்டு தேவைப்பட்டபோது ஹோவர்ட் தானே பந்தை ஏந்தி 18 யார்டு ஓடியது. பின்னால் வந்த இறுதிப் போட்டியின் சாவி அந்தத் துணுக்கில் இருந்தது. ஹோவர்ட் வேகமான ஓட்டக்காரர் அல்ல, ஆனால் உயரமும் எடையும் உள்ளவர். முந்தைய அணியான கான்சாஸ் ஸ்டேட்டில் இருந்தபோதே ஓடிப் பழகியவர். ஒஹாயோ ஸ்டேட் அவருடைய கால்களைப் பருவம் முழுவதும் சிக்கனமாகச் செலவழித்து வந்தது.

தடுப்புப் பக்கத்தில் ஒஹாயோ ஸ்டேட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பருவ முடிவில் ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்திருந்தது. நாட்டிலேயே மிகக் குறைவு. அக்டோபர் 12 அன்று ஓரிகானிடம் 32–31 என்று தோற்றபோது கார்னர்பேக்குகள் நீண்ட வீச்சுகளில் அடிவாங்கியது உண்மை. அதன் பிறகு தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஜிம் நோல்ஸ் தன் முறையையே திருத்தி அமைத்தார். ஆகவே அக்டோபர்ப் படத்தை ஜனவரியில் ஆதாரமாக எடுப்பதில் பயனில்லை.

மறுபக்கம் நோட்டர் டேமைப் பார்த்தால், இங்கேதான் எடைபோடுதலின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. செப்டம்பர் 7 அன்று நார்தர்ன் இல்லினாய் என்ற சிறிய அணியிடம், அதுவும் சொந்த மைதானத்தில், 16–14 என்று தோற்ற அணி இது. அதற்குப் பிறகு 13 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அந்த ஒரு தோல்வியை வைத்து இவர்களைக் குறைத்து மதிப்பிடுவது எளிது; நியாயமல்ல. ரைலி லெனார்ட் டியூக்கிலிருந்து வந்து சேர்ந்த புதிய குவார்ட்டர்பேக், அவர் முன்னால் நின்ற வரிசையும் அனுபவமற்றது. டிசம்பரில் ஆடிய அணி வேறு அணி. அதேபோல் பர்டூவை 66–7 என்றும் ஆர்மியை 49–14 என்றும் வென்ற ஆட்டங்களையும் ஒதுக்கிவைக்க வேண்டும். சராசரிகளை வீங்கவைப்பதைத் தவிர அவற்றால் வேறு பயன் இல்லை.

நோட்டர் டேமின் அடையாளமே அதன் பின்வரிசைத் தடுப்பு. ஒருங்கிணைப்பாளர் ஆல் கோல்டன் வழிநடத்திய அந்தத் தடுப்பு, மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காக்கும் ஸோன் முறையைவிட, ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு காவலர் என்ற மேன் முறையையே அதிகம் நம்பியது. பின்வரிசையின் கடைசிக் காவலான சேஃப்டி இடத்தில் ஆடிய சேவியர் வாட்ஸ் நாட்டின் சிறந்த தடுப்பு வீரர்களில் ஒருவர். பந்தைப் பறிப்பதில் இந்த அணி முன்வரிசையில் இருந்தது. மேன் முறை துணிச்சலானது. குவார்ட்டர்பேக்குக்கு எளிய வீச்சு எதையும் அது தராது. அவரை நோக்கிக் கூடுதல் ஆட்களைப் பாயவிடும் ப்ளிட்ஸுக்கும் ஆட்களை மிச்சப்படுத்தும். அதன் விலையும் எல்லோரும் அறிந்ததே: காவலர்கள் தங்கள் ஆளைத் துரத்தும்போது குவார்ட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டுகிறார்கள், அவர் ஓடத் தொடங்கினால் முதல் பத்து யார்டுக்கு அவரைப் பார்க்க ஆளில்லை. மேலும், காவலரைவிட ரிசீவர் மேலானவராக இருந்தால் மறைத்துக்கொள்ள இடமே கிடையாது.

பிளேஆஃபில் இந்த விலையை நோட்டர் டேம் கொடுக்க நேரவில்லை, காரணம் எதிரே வந்தவர்களிடம் அதை வசூலிக்கும் ஆட்கள் இல்லை. காலிறுதியில் வந்த ஜார்ஜியா தன் முதன்மைக் குவார்ட்டர்பேக்கைக் காயத்தில் இழந்து, முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடிய கன்னர் ஸ்டாக்டனைக் கொண்டு வந்தது. 23–10 என்று தோற்றது. அரையிறுதியில் பென் ஸ்டேட்டின் விளிம்பு ரிசீவர்களில் ஒருவர்கூட ஒரு பந்தையும் பிடிக்கவில்லை. 27–24 என்று முடிந்த அந்த ஆட்டத்தை நோட்டர் டேமின் காவலுக்குக் கிடைத்த நற்சான்றிதழாகப் பலர் வாசித்தார்கள். பென் ஸ்டேட்டின் ரிசீவர்கள் பருவம் முழுவதுமே அந்த அணியின் குறையாக இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்திருந்தவர்கள் அந்தச் சான்றிதழைச் சற்றுத் தள்ளியே பிடித்துப் பார்த்திருப்பார்கள். அதே ஆட்டத்தில் பென் ஸ்டேட் ஓடியே 200 யார்டுக்கு மேல் எடுத்தது என்பதும் கவனத்துக்குரியது.

உண்மையான எச்சரிக்கை நவம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கிடைத்திருந்தது. மிஷிகன் ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்திய அதே நாளில், நோட்டர் டேம் யுஎஸ்சி அணியை 49–35 என்று வென்றது. இறுதிக் கட்டத்தில் கிறிஸ்டியன் கிரே ஒரு வீச்சைப் பறித்து 99 யார்டும், அடுத்து வாட்ஸ் இன்னொன்றைப் பறித்து 100 யார்டும் ஓடியதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த இரண்டும் கண்கவர் காட்சிகள். ஆனால் எதிரணி நம் கோல் கோட்டருகே வந்து நிற்கும்போதுதான் 99 யார்டு ஓட முடியும். அதாவது அந்த இரண்டு முறையும் யுஎஸ்சி மைதானம் முழுவதையும் கடந்து வந்திருந்தது. நல்ல ரிசீவர்களும் நல்ல வீச்சும் உள்ள அணி இந்தத் தடுப்பின் மீது 35 புள்ளிகள் எடுத்தது, இன்னும் பதினான்குக்கு வாசல்வரை வந்தது. பந்துப் பறிப்பு திறமையால் நடப்பதே என்றாலும் அடுத்த ஆட்டத்திலும் அதே எண்ணிக்கையில் நடக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. விட்டுக்கொடுத்த யார்டுகளோ திரும்பத் திரும்ப வரக்கூடியவை.

தாக்குதலில் நோட்டர் டேம் லெனார்டின் கால்களையும் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் ஜெரமையா லவ்வையும் நம்பியிருந்தது. இண்டியானாவுக்கு எதிராக 98 யார்டு ஓடி டச்டவுன் போட்ட லவ், அதன் பிறகு முழங்கால் வலியோடு ஆடி வந்தார். இடது டேக்கிள் ஆந்தனி நாப் அரையிறுதியில் காயமடைந்து இறுதிப் போட்டியில் ஆட முடியாத நிலை. முன்வரிசை இப்படித் தளர்ந்திருந்ததால் நீண்ட வீச்சுகளுக்குக் காத்திருக்கும் நேரம் லெனார்டுக்குக் கிடைக்காது என்பதை ஊகிக்கலாம். அவர் ஓடியாக வேண்டும், ஓடினால் அடி வாங்கியாக வேண்டும்.

இறுதிப் போட்டியின் முதல் பத்து நிமிடங்கள் நோட்டர் டேமின் கணக்கு சரி என்பதுபோலவே நடந்தன. 18 முயற்சிகள், 75 யார்டு, 9 நிமிடம் 45 விநாடி என்று ஒரே மூச்சில் முன்னேறி, லெனார்டே எல்லையைக் கடந்து முதல் டச்டவுனைப் போட்டார். ஒஹாயோ ஸ்டேட்டின் தாக்குதலைக் களத்துக்கு வெளியே உட்காரவைப்பதுதான் திட்டம் என்பது தெளிவு; அது நல்ல திட்டமும்கூட. ஆனால் ஒரு குவார்ட்டர்பேக்கின் உடம்பு அந்த வேகத்தில் நான்கு கால்பகுதிகளையும் தாங்காது. அன்று முழுவதும் லெனார்ட் 17 முறை ஓடி எடுத்தது 40 யார்டு. லவ்வுக்கு வாய்ப்புகள் கைவிரல் எண்ணிக்கையில்கூட வரவில்லை.

பதிலுக்கு ஒஹாயோ ஸ்டேட் தன் கைக்குப் பந்து வந்த முதல் நான்கு முறையும் டச்டவுன் போட்டது. அவற்றில் முதலாவது ஸ்மித்துடையது. எட்டு யார்டு வீச்சு. பந்து எடுக்கப்படும் முன் அவர் உள்நோக்கி நகரத் தொடங்கி, சட்டென்று திரும்பி விளிம்புக்கு ஓடினார். காவலர் கூட்டத்துக்குள் சிக்கிக்கொள்ள, ஸ்மித் தன்னந்தனியாக நின்றார். மேன் முறையைக் குழப்புவதற்கென்றே வரையப்பட்ட ஆட்டம் அது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லலாம். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் சிப் கெல்லி நோட்டர் டேமின் படங்களில் எதைத் தேடினார் என்பதற்கு அதைவிட நேரடியான விடை கிடையாது. ஹோவர்ட் தன் முதல் 13 வீச்சுகளையும் தவறின்றி முடித்தார், மொத்தம் 21-ல் 17. அதற்கிணையாக 16 முறை ஓடி 57 யார்டும் சேர்த்தார். முதுகு காட்டி ஓடும் காவலர்களின் பின்னால் கிடந்த வெற்றிடத்தில் தேவையான மூன்று, நான்கு யார்டுகளை அவர் அள்ளிக்கொண்டார். இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே குவின்ஷான் ஜட்கின்ஸ் 70 யார்டு ஓடினார். சற்று நேரத்தில் 31–7.

இவ்வளவுக்குப் பிறகும் நோட்டர் டேம் விழுந்துவிடவில்லை. ஜேடன் கிரேட்ஹவுஸ் இரண்டு டச்டவுன்களைப் பிடித்து, டச்டவுனுக்குப் பிந்தைய முயற்சியில் கூடுதல் இரண்டு புள்ளிகளும் இருமுறை கிடைத்து, நான்கு நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கும்போது 31–23 என்று ஆயிற்று. நடுவே 27 யார்டு உதை ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஓட்டத்தையே தலையில் வைத்திருந்த அணிக்கு வீச்சில் இவ்வளவு இருந்தது என்றால், ஒஹாயோ ஸ்டேட்டின் பின்வரிசையை இன்னும் முன்கூட்டியே சோதித்திருக்கலாம் என்ற கேள்வி எழுகிறது. பெரிய முன்னிலை பெற்ற தடுப்பு ஆழத்தைக் காத்து, மற்றதை விட்டுக்கொடுக்கும் என்பதால் அந்த யார்டுகள் அனைத்தையும் முழு விலைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கிரேட்ஹவுஸின் 128 யார்டு வெறும் இரக்கத்தில் கிடைத்ததல்ல.

பிறகு வந்தது மூன்றாவது டவுன், 11 யார்டு தேவை. அதைத் தடுத்துவிட்டால் பந்து நோட்டர் டேமிடம் வந்துவிடும், ஒரே தாக்குதலில் சமன் செய்யலாம். தன் அணியை அதுவரை கொண்டுவந்தது எதுவோ அதையே கோல்டன் அழைத்தார்: ஸ்மித்தின் எதிரே கிரே, ஒற்றைக்கு ஒற்றை. ஹோவர்ட் ஆழத்தில் வீச, ஸ்மித் அதைப் பிடித்து 56 யார்டு எடுத்தார். மூன்று புள்ளி தந்த கடைசி உதையோடு 34–23. தோல்விக்குப் பிறகு அந்த அழைப்பைப் பழிப்பது எளிதாயிற்று. பத்து நாளில் ஒரு தடுப்பின் இயல்பை மாற்ற முடியாது, பழகாத ஸோனில் நின்று தடுமாறுவதும் நல்ல வழியல்ல என்பது கோல்டன் பக்கத்து நியாயம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் டெக்சாஸ் செய்ததுபோல் அந்த ஒருவருக்கு மட்டும் இரண்டாவது ஆளைக் கொடுக்க இயல்பையே மாற்ற வேண்டியதில்லை. எட்டு புள்ளி வித்தியாசத்தில், ஸ்மித்தைத் தவிர வேறு எவரிடம் தோற்றாலும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டிய தருணம் அது.

இந்த இறுதிப் போட்டியின் படங்கள் அடுத்த எதிரணிக்கு எவ்வளவு பயன்பட்டன என்பது தனிக் கதை. சில வாரங்களுக்குள் கோல்டன் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும், நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கும், கெல்லி லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணிக்கும் போய்விட்டார்கள். ஹோவர்டும் லெனார்டும் என்எஃப்எல்லுக்குச் சென்றார்கள். 2025 ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டைச் சந்திக்க வேண்டியிருந்த டெக்சாஸ், அந்த அணியின் புதிய தடுப்பு ஒருங்கிணைப்பாளர் மேட் பட்ரீஷியாவின் கீழ் ஒரு கல்லூரி ஆட்டப் படம்கூட இல்லாமல் தயாராக வேண்டியிருந்தது. அவருடைய என்எஃப்எல் காலத்துப் படங்கள்தான் கைவசம் இருந்தவை. அன்று டெக்சாஸ் எடுத்தது 7 புள்ளிகள். ஆட்டம் 14–7 என்று ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனது.